சுகுமாரி யாருடைய நடிகை?

மார்த்தாண்டத்தை அடுத்த ஊரிலிருந்து நாள்தோறும் திருவனந்தபுரம் சென்று கல்லூரியில் படித்துவரும் மாணவி ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தார். நடிகை சுகுமாரி நாகர்கோவிலில் பிறந்தவர் என்பது உண்மையா? உண்மையென்றால் அவரைத் தமிழ் நடிகை என்று சொல்ல வேண்டுமா, மலையாள நடிகை என்று சொல்ல வேண்டுமா? அவருடைய படங்களில் எவற்றை முதலில் பார்க்கலாம்? கல்லூரித் தோழியர் அனைவரும் அவரை மலையாளி என்றே அறிந்திருப்பதாகவும், தன் பாட்டி மட்டும் ‘அவர் நம்ம ஊர்க்காரியாக்கும்’ என்று அடித்துச் சொல்வதாகவும் அந்த மாணவி எழுதியிருந்தார். பல ஆண்டுகளாக இரு மொழிப் படங்களையும் பார்த்தும் எழுதியும் வருபவன் என்ற முறையில், எனக்கு நெருக்கமான இந்தப் பொருளைக் குறித்துச் சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன்.

பாட்டி சொன்னது சரி. சுகுமாரி 1940ஆம் ஆண்டு அக்டோபர் 6 அன்று நாகர்கோவிலில் பிறந்தார். அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த நகரம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமானபோது அவருக்கு வயது பதினாறு. அதற்குள் அவர் திரையில் தோன்றி ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. களியக்காவிளையில் இன்று நாம் காணும் மாநில எல்லை, அவருடைய கலை வாழ்க்கையைவிட வயதில் இளையது. ‘எந்தப் பக்கம்’ என்ற கேள்வியை அவர் பிறந்த காலத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தாலும் அதற்குப் பொருள் இருந்திராது. தக்கலைக்கு அருகில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு கேரள அரசின் பராமரிப்பில் இருப்பதையும், நவராத்திரிக்கு ஆண்டுதோறும் அந்த அரண்மனையின் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாக எல்லை கடந்து திருவனந்தபுரம் சென்று திரும்புவதையும் கண்டு வளர்ந்த நமக்கு, இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

லலிதா, பத்மினி, ராகினி என்ற திருவாங்கூர் சகோதரிகள் அவருக்கு உறவுமுறையில் சகோதரிகள். சிறு வயதிலேயே அந்தச் சகோதரிகளின் நடனக் குழுவோடு சேர்ந்து ஆடத் தொடங்கிய சுகுமாரி, அவர்களுடைய நிழலிலேயே சென்னைக்கு வந்து திரைப்படத்துக்குள் நுழைந்தார். அவர் முதன்முதலாகத் திரையில் தோன்றியது தமிழ்ப் படத்தில்தான்: அண்ணாவின் நாடகத்தைத் தழுவி ஏவி.எம். நிறுவனம் எடுத்து 1951இல் வெளியான ‘ஓர் இரவு’. பத்து வயதுச் சிறுமியாகத் தொடங்கிய அந்தப் பயணம், மலையாளத்தில் 1957இல் ‘தஸ்கரவீரன்’ படத்தின் மூலம் தொடர்ந்தது. ஆக, வரிசைப்படி பார்த்தால் தமிழ் முந்தியது, மலையாளம் பிந்தியது. மாணவியின் தோழியர் இதை அறிந்தால் வியப்படையக்கூடும்.

இதில் இன்னொரு செய்தியையும் நினைவில் கொள்ள வேண்டும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மலையாளப் படங்களில் பெரும்பகுதி சென்னைக் கோடம்பாக்கத்தில்தான் உருவாயின. ஆலப்புழையின் உதயாவும் திருவனந்தபுரத்தின் மெரிலாண்டும் இருந்தபோதிலும், ஒளிப்பதிவு முதல் ஒலிச்சேர்க்கை வரை எல்லா வசதிகளும் கோடம்பாக்கத்தைச் சுற்றியே இருந்ததால், மலையாள நடிகர்களும் இசையமைப்பாளர்களும் சென்னையிலேயே குடியிருந்தார்கள். காலையில் ஒரு தளத்தில் தமிழிலும், மாலையில் அடுத்த தளத்தில் மலையாளத்திலும் நடிப்பது அந்தக் காலத்தில் வழக்கமான தொழில்முறை. சுகுமாரி இறுதிவரை சென்னைவாசியாகவே இருந்ததற்கும், இரு மொழிகளிலும் ஒரே நேரத்தில் இயங்கியதற்கும் இந்தச் சூழலே காரணம்.

1959இல் அவர் இயக்குநர் ஏ. பீம்சிங்கை மணந்தார். ‘பாகப்பிரிவினை’, ‘படிக்காத மேதை’, ‘பாசமலர்’, ‘பாவமன்னிப்பு’, ‘பாலும் பழமும்’, ‘பார்த்தால் பசி தீரும்’ என்று ‘ப’ வரிசையில் குடும்பப் படங்களைத் தந்து தமிழ்நாட்டையே அழவைத்த இயக்குநர் அவர். பீம்சிங் 1978இல் மறைந்தபோது சுகுமாரிக்கு வயது முப்பத்தேழு. வளர வேண்டிய ஒரு மகனோடு அவர் தனித்து நின்றார். அந்த மகன் பின்னாளில் மருத்துவரானார். கணவரை இழந்த பிறகு அவர் ஏற்ற படங்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, ஓய்வென்பதே இல்லாமல் உழைத்திருக்கிறார் என்பது தெரிகிறது. அறுபது ஆண்டுகளில் 2,500க்கும் மேற்பட்ட படங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நான் அந்த எண்ணைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. ஒரு நடிகை எத்தனை படத்தில் நடித்தார் என்பதைவிட, எத்தனை வகை மனிதர்களாக நம் முன் வந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்த வகைமைக்கு அவரைத் தயார்செய்தது எது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சென்னை சபா நாடக மேடை என்பதே என் முடிவு. சோ ராமசாமியின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் நாடகக் குழுவில் சுகுமாரி நீண்ட காலம் நடித்தார். அக்குழுவோடு ஆயிரக்கணக்கான முறை மேடையேறியிருக்கிறார். சபா நாடகம் என்பது முழுக்க முழுக்க வசனத்தால் நிற்கும் கலை. காட்சி மாற்றங்கள் குறைவு, அலங்காரம் குறைவு. எதிரே அமர்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு சொல்லையும் உன்னிப்பாகக் கேட்பவர்கள். அரசியல் கிண்டல் நிறைந்த சோவின் வசனத்தில் ஒரு சொல்லைச் சற்று முந்திச் சொன்னாலும் சிரிப்பு வராது. சிரிப்பு அடங்குவதற்கு முன் அடுத்த வரியைத் தொடங்கினால் அந்த வரி யார் காதிலும் விழாது. சிரிப்பலை எழுந்து, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும் அந்த ஒரு நொடியைப் பிடித்து அடுத்த வசனத்தைப் போட வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்க எந்தப் பள்ளியும் கிடையாது. நூற்றுக்கணக்கான மாலைகள் மேடையில் நின்றுதான் கற்க வேண்டும். இரண்டாவது ‘டேக்’ கிடையாது என்பதால் நினைவாற்றலும் கூர்மையடையும்.

இந்த மேடைப் பயிற்சியின் பலனை அறுவடை செய்தது மலையாளத் திரையுலகம். எண்பதுகளில் பிரியதர்ஷன் எடுத்த நகைச்சுவைப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் வந்த ‘பூச்சைக்கொரு மூக்குத்தி’யில் தொடங்கி அவருடைய படங்களில் சுகுமாரிக்கு ஓர் இருக்கை நிரந்தரமாகவே ஒதுக்கப்பட்டிருந்தது. 1985இல் வெளிவந்த ‘போயிங் போயிங்’கில் அவர் ஏற்ற டிக் அம்மாயி என்ற சமையற்காரியை இன்றும் கேரளத்தில் சிறு குழந்தைகள்கூட அடையாளம் காண்பார்கள். விமானப் பணிப்பெண்கள் மூவரை ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே வீட்டில் வைத்துச் சமாளிக்கும் இளைஞனின் கதை அது. கதவுகள் திறந்து மூட, ஆட்கள் ஓடி ஒளிய, படம் முழுவதும் தலைதெறிக்கும் வேகத்தில் போகும். அந்த வேகத்துக்கு நடுவே எரிச்சலோடு அசையாமல் நிற்கும் ஓர் உருவம் தேவைப்படுகிறது. சுற்றிலும் எல்லோரும் ஓடும்போது ஒருவர் நின்றால்தான் ஓட்டத்தின் வேகம் நமக்குத் தெரியும். சுகுமாரி அதைத்தான் செய்தார். தன் வசனத்துக்கு முன் ஒரு கணம் தாமதித்து, எதிராளியைத் தலை முதல் கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகு பேசுவார். அந்த ஒரு கணத் தாமதம் சபா மேடையில் பயின்றது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

நகைச்சுவையோடு அவரை நிறுத்திவிடுவது பெருந்தவறு. 1974இல் கே.எஸ். சேதுமாதவன் இயக்கிய ‘சட்டக்காரி’ படத்தை நான் எப்போதும் முதலில் சொல்வேன். தமிழிலும் ஆங்கிலோ-இந்தியரைச் சட்டைக்காரர் என்று அழைக்கும் வழக்கம் உண்டு என்பதால் தலைப்பு நமக்கு அந்நியமானதன்று. லட்சுமி நடித்த ஜூலிக்குத் தாயாக, அடூர் பாசி நடித்த ரயில் எஞ்சின் ஓட்டுநர் மோரிஸுக்கு மனைவியாக, மார்கரெட் என்ற வேடத்தில் சுகுமாரி நடித்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. மகளாக நடித்த லட்சுமியைவிட ஏறத்தாழ பன்னிரண்டு வயதுதான் மூத்தவர். குட்டைப் பாவாடையும், ஆங்கிலம் கலந்து உடைந்த மலையாளமும், தங்கள் சாதியினரின் பழம்பெருமையும், வறுமையை மறைக்கும் பாசாங்கும், மகளின் வாழ்க்கை கைமீறிப் போகும்போது ஏற்படும் பீதியும் ஆகிய எல்லாவற்றையும் ஒரே உடம்பில் கொண்டுவந்தார். திருவிதாங்கூர் நாயர் குடும்பத்துப் பெண்ணொருவர் அந்தச் சமூகத்தின் நடை, உடை, உச்சரிப்பு அனைத்தையும் அவ்வளவு இயல்பாகக் கைக்கொண்டார் என்றால், அது உச்சரிப்பைக் கேட்டு வாங்கும் காதால்தான் முடியும். மொழிகள் ஒன்றோடொன்று உரசும் ஊர்களில் பிறந்தவர்களுக்கு அந்தக் காது கொஞ்சம் கூடுதலாகவே அமைகிறது என்பது என் நம்பிக்கை. நம் பகுதியில் தண்ணீரை ‘வெள்ளம்’ என்றும், நன்றாக இருக்கிறது என்பதைக் ‘கொள்ளாம்’ என்றும் சொல்லிப் பழகிய குழந்தை, பேருந்தில் ஏறி இரண்டு மணி நேரம் சென்றதும் வேறு சொல்லுக்கு மாறிக்கொள்வதைப் பார்க்கிறோம் அல்லவா?

1986இல் வந்த பத்மராஜனின் ‘அரப்பட்ட கெட்டிய கிராமத்தில்’ படத்தில் விலைமாதர் இல்லம் நடத்தும் பெண்ணாக அவர் நடித்தார். இப்படிப்பட்ட வேடத்தில் நடிப்பவர்கள் வழக்கமாக வெற்றிலையைக் குதப்பி, குரலை உயர்த்தி, கொடுமைக்காரியாகவே நிற்பார்கள். சுகுமாரி அந்தப் பெண்ணை ஒரு வீட்டை நிர்வகிக்கும் மூத்த பெண்ணாகப் பார்த்தார். கணக்கும் கவலையும் களைப்பும் உள்ள ஒருத்தியாக நடித்தார். கேரள அரசின் திரைப்பட விருதுகள் அவருக்குப் பலமுறை கிடைத்ததில் வியப்பேதும் இல்லை.

அடுத்து 1989இல் சிபி மலயில் இயக்கிய ‘தசரதம்’. தாய்ப்பாசம் என்னவென்றே அறியாமல் வளர்ந்த செல்வந்தன் ராஜீவ், வாடகைத் தாய் மூலம் ஒரு குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்புகிறான். பெற்றவளோ குழந்தையைப் பிரிய முடியாமல் தவிக்கிறாள். கடைசியில் அவன் குழந்தையை அவளிடமே விட்டுவிடுகிறான். வெறுமையாகிப்போன அந்த வீட்டில், தன்னைக் கவனித்துக்கொள்ளும் பணிப்பெண் மேகியிடம், அந்தத் தாய் தன் குழந்தையை நேசிப்பதுபோல் நீங்கள் என்னை நேசிக்க முடியுமா என்று அவன் கேட்கிறான். மோகன்லால் கேட்கும் அந்தக் கேள்வியின் பாரம் முழுவதும் மேகியாக நடித்த சுகுமாரியின் முகத்தின்மேல்தான் விழுகிறது. வேலைக்காரி என்ற எல்லைக்கோட்டைத் தாண்டலாமா கூடாதா என்ற தயக்கமும், இத்தனை நாளும் இவனைப் பிள்ளையாகத்தானே பார்த்தேன் என்ற உருக்கமும் சேர்ந்து அந்த முகத்தில் தெரிகின்றன. மலையாளிகள் அந்தக் காட்சியை நினைவுகூரும்போது மோகன்லாலைப் பற்றியே அதிகம் பேசுவார்கள். எதிரே அந்த முகம் இல்லாதிருந்தால் அந்தக் காட்சி நின்றிருக்காது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் குறிப்பிட வேண்டும். ‘துணை நடிகை’ என்று தமிழில் சொன்னால், கூட்டத்தில் ஒருவராக நிற்பவரையே அது பெரும்பாலும் குறிக்கிறது. சுகுமாரியைப் போன்றவர்களுக்கு நம்மிடம் ‘குணச்சித்திர நடிகை’ என்ற அழகிய சொல் இருக்கிறது. ஒரு மனிதரின் குணத்தைச் சித்திரமாகத் தீட்டுபவர் என்ற பொருளில் அதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை. தேசிய விருதைத் தமிழில் குறிப்பிடும்போது ‘சிறந்த துணை நடிகை’ என்றே செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

தமிழில் அவருக்கு இத்தகைய வேடங்கள் ஏன் கிடைக்கவில்லை என்று மாணவி கேட்கக்கூடும். என் கணிப்பைச் சொல்கிறேன். அறுபது, எழுபதுகளின் தமிழ்ப் படங்களில் அவர் ஏராளமாக நடித்தார். ஆனால் நாயகனின் அண்ணி, நாயகியின் தாய், நாகரிக மோகம் கொண்ட பணக்காரப் பெண்மணி என்ற குறுகிய வட்டத்துக்குள்ளேயே அவரை வைத்திருந்தார்கள். நகைச்சுவைக்கு மனோரமா என்ற மாபெரும் கலைஞர் இருந்ததால் அந்தப் பக்கம் வேறொருவருக்கு இடம் மிகவும் குறைவு. அதே காலத்தில் மலையாளத்தில் எழுத்தாளர்கள் திரைக்கதை எழுத வந்தார்கள். சிறு பாத்திரத்துக்கும் ஒரு கடந்த காலமும் ஒரு பேச்சுமொழியும் தந்தார்கள். நாயகனைச் சுற்றியே கதையைப் பின்னும் வழக்கம் அங்கு அப்போது சற்றுத் தளர்ந்திருந்தது. சுகுமாரியிடம் இருந்த சரக்குக்கு அங்கே சந்தை இருந்தது. அவர் அங்கே அதிகம் சென்றார். பின்னாளில் தமிழுக்கு வந்தபோதும், 2008இன் ‘யாரடி நீ மோகினி’யைப் போன்ற படங்களில் வயது முதிர்ந்த பெண்மணியாகவே வந்தார். அதில் குறையேதும் இல்லாமல் செய்தார் என்றாலும், அவரால் முடிந்ததில் மிகச் சிறு பகுதியையே தமிழ்த் திரை கேட்டுப் பெற்றது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

நம் பகுதி மக்களுக்கு அவர் இவ்வளவு நெருக்கமானதில் தொலைக்காட்சிக்குப் பெரும் பங்கு உண்டு. 1985இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாளத்தில் ஒளிபரப்பத் தொடங்கியது. எங்கள் ஓட்டு வீட்டின் பக்கத்தில் நட்டிருந்த கம்பத்தில் ஆன்டெனா திருவனந்தபுரத்தை நோக்கித்தான் நின்றது. சென்னையின் அலைகள் எங்களை வந்தடைவதற்கு முன்பே அங்கிருந்து மலையாளப் படங்கள் கூடத்துக்குள் வந்துவிட்டன. மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார், சுகுமாரி திரையில் வந்ததும் ‘இவள் பேசுவது மட்டும் எனக்கு முழுசாக விளங்குது’ என்பார்கள். அப்போது நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பிறகு உன்னிப்பாகக் கேட்கத் தொடங்கியபோதுதான், சொற்களைத் தெளிவாக நிறுத்தி, கடைசி எழுத்தை விழுங்காமல் பேசும் அந்த மேடைப் பழக்கம்தான் தாயாருக்கு உதவியது என்று புரிந்தது. தொண்ணூறுகளில் சன் டிவியும் ஏஷியாநெட்டும் வந்த பிறகு அவருடைய பழைய படங்கள் இரு மொழிகளிலும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாயின. தொலைக்காட்சித் தொடர்களிலும் அவர் இரு மொழிகளிலும் நடித்தார். ஒரே நாளில் பல காட்சிகளை எடுத்து முடிக்க வேண்டிய தொடர்களில், பக்கம் பக்கமாக வரும் வசனத்தை விரைவில் மனத்தில் ஏற்றித் தடுமாறாமல் சொல்பவர்களுக்கே மதிப்பு. நாடக மேடையில் பழகியவர்களுக்கு அது கைவந்த கலை.

இப்போது ‘தமிழா, மலையாளமா’ என்ற கேள்விக்கு வருகிறேன். அவருடைய பிற்காலத்து இரண்டு படங்களே இதற்கு விடை சொல்கின்றன.

முதலாவது, 2002இல் அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த ‘நிழல்குத்து’. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் குற்றவாளிகளைத் தூக்கிலிடும் ஆராச்சார் ஒருவரின் கதை, காலம் 1940கள். ஒடுவில் உண்ணிகிருஷ்ணன் நடித்த அந்த ஆராச்சாரின் பெயர் காளியப்பன், அவர் மனைவி மரகதம், மகன் முத்து. பெயர்களைச் சொன்னதுமே அந்தக் குடும்பம் எந்த மண்ணைச் சேர்ந்தது என்று நமக்குத் தெரிந்துவிடும். தான் தூக்கிலிட்டவர்களில் குற்றமற்றவரும் இருந்திருப்பாரோ என்ற எண்ணத்தில் குடித்துக் குடித்துச் சிதையும் கணவனுக்கும், தூக்குக் கயிற்றின் சாம்பலை மருந்தாக நம்பி வாசலில் வந்து நிற்கும் ஊர் மக்களுக்கும் நடுவே, அந்த வீட்டை வீடாக வைத்திருக்கும் மரகதமாக சுகுமாரி நடித்தார். அவர் பிறந்த ஊரும் பிறந்த பத்தாண்டும் அந்தப் படத்தின் களத்தோடு ஒட்டி நிற்கின்றன. மலையாளப் படம்தான், ஆனால் அதில் வாழும் மனிதர்கள் நம் பக்கத்து மனிதர்கள். இந்தப் படத்துக்கு இசையமைத்தவர் இளையராஜா. 2008இல் வந்த ‘மிழிகள் சாட்சி’யில், பயங்கரவாதி என்று தண்டிக்கப்பட்ட மகனின் தாயாக அவர் நடித்ததையும் இதன் அருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்றில் தூக்கிலிடுபவனின் மனைவி. மற்றொன்றில் மரணத்தை எதிர்நோக்கும் மகனின் தாய்.

இரண்டாவது, மோகன் சர்மா எழுதி இயக்கிய ‘நம்ம கிராமம்’. விடுதலைக்கு முந்தைய பாலக்காட்டு அக்ரகாரம் ஒன்றில், குழந்தைப் பருவத்திலேயே விதவையாகிவிட்ட பெண்ணின் வாழ்க்கையைச் சொல்லும் படம் அது. அக்ரகாரத்து மூதாட்டி அம்மிணி அம்மாளாக நடித்ததற்காக 2010ஆம் ஆண்டுக்கான 58வது தேசியத் திரைப்பட விருது சுகுமாரிக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு எழுபது வயது. மலையாளத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு தேசிய விருது ஒரு தமிழ்ப் படத்துக்காக வந்தது; அதிலும் அந்தத் தமிழ், வாக்கியத்தின் கடைசியில் ‘ஆக்கும்’ என்று முடிப்பதும், சொல்வதைப் ‘பறைவது’ என்று சொல்வதுமான பாலக்காட்டுத் தமிழ். கல்பாத்தியிலும் தத்தமங்கலத்திலும் கேட்கும் அந்தப் பேச்சைத் தமிழ் என்று சிலரும் மலையாளம் என்று சிலரும் சொல்வார்கள்; பேசுபவர்களுக்கோ அது வெறும் வீட்டுப் பேச்சு. தெற்கே நாகர்கோவிலில் பிறந்தவர், வடக்கே பாலக்காட்டுப் பேச்சைத் தன் நாவில் ஏற்றிக்கொண்டார். இந்த எல்லைக் கோட்டின் இரு முனைகளும் அவர் குரலில் இருந்தன. அதே ஆண்டு ‘மைனா’வுக்காகத் தம்பி ராமையாவும், ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்துக்காகச் சரண்யா பொன்வண்ணனும் தேசிய விருது பெற்றார்கள். அந்தப் பட்டியலில் தமிழின் பெயரால்தான் சுகுமாரியும் இடம்பெற்றார்.

எனவே மாணவிக்கு என் விடை இது: அவரைத் தமிழ் நடிகை என்று சொன்னாலும் தவறில்லை, மலையாள நடிகை என்று சொன்னாலும் தவறில்லை, மற்றொன்றை மறுத்துச் சொல்லும்போதுதான் அது தவறாகிறது. பாட்டி ‘நம்ம ஊர்க்காரி’ என்று சொன்னாரே, அதுவே மிகச் சரியான சொல்.

2003இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. 2013 பிப்ரவரி இறுதியில் சென்னையிலுள்ள தன் வீட்டுப் பூஜையறையில் விளக்கேற்றும்போது தீப்பற்றிக் காயமடைந்த அவர், சில வாரச் சிகிச்சைக்குப் பிறகு மார்ச் 26 அன்று மாரடைப்பால் காலமானார். அவர் மம்மூட்டியோடு நடித்த ‘இம்மானுவல்’ அதற்கு அடுத்த மாதம் வெளியானது. திரையரங்கில் அவர் முகம் தோன்றியபோது என் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர் கைகூப்பியதை நான் பார்த்தேன்.

எவற்றை முதலில் பார்ப்பது என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. ‘போயிங் போயிங்’கில் தொடங்குங்கள், அவருடைய நேரக்கணக்கு அதில் பிடிபடும். அடுத்து ‘சட்டக்காரி’யைப் பாருங்கள், பிறகு ‘தசரதம்’. இந்த மூன்றையும் பார்த்த பின், ஒரு வாரமாவது இடைவெளி விட்டு ‘நிழல்குத்து’க்குச் செல்லுங்கள், அது மெல்ல நகரும் படம், அவசரத்தில் பார்த்தால் மரகதம் உங்கள் கண்ணில் படாமலே போய்விடுவாள். ‘நம்ம கிராமம்’ மலையாளத்தில் ‘கிராமம்’ என்ற பெயரிலும் உள்ளது. இரண்டும் கிடைத்தால் இரண்டையும் பாருங்கள், முடிந்தால் உங்கள் பாட்டியை அருகில் அமர்த்திக்கொண்டு. அம்மிணி அம்மாள் எந்தச் சொல்லை எந்த ஊரிலிருந்து எடுத்துவந்தார் என்பதை என்னைவிட அவர் நன்றாகச் சொல்வார்.